இடது கை ஒரிஜினல், வலது கை என்னுடையது

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வராது. குறைதான் வரும். சாப்பாட்டில் உப்பு, பஸ்ஸில் ஜன்னல், பக்கத்து வீட்டுக் கதவின் சத்தம் என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். இந்த இரண்டு பேரும் எப்படித்தான் ஒரே கூரையின் கீழ் காலம் தள்ளுகிறார்களோ என்று என் நாத்தனார் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாங்கள் காலம் தள்ளவில்லை, நன்றாகவே வாழ்கிறோம். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்றால் நான் என்ன செய்ய?

அவர் ஒரு பெரிய ஷோரூமில் சென்ட் பிரிவில் நிற்கிறார். கண்ணாடி மேஜை, தலைக்கு மேல் விளக்கு, வெளிர்நீல முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை. அங்கே ஒரு பாட்டில் வாங்கினால் என் கடையின் ஒரு மாத வாடகை போய்விடும். என் கடை காய்கறிச் சந்தைக்குப் பின்னால், பூட்டு ரிப்பேர் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில். இரண்டு கைகளையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். அவர் விற்பது ஒரிஜினல். நான் விற்பது அதே வாசனையில் நானே கலந்த மாற்று. எங்கள் தெருவில் அவருக்கு ‘ஒரிஜினல்’ என்று பெயர். எனக்கு ‘அது மாதிரி அக்கா’.

அந்தப் பெயர் என் லேபிளால் வந்தது. நான் எந்தக் கம்பெனியின் பெயரையும் போடமாட்டேன், எந்தக் கம்பெனியின் பாட்டிலையும் தொடமாட்டேன். சின்னச் சின்ன வெள்ளைப் பாட்டில்கள், அதன் மேல் என் கையெழுத்தில் ‘அது மாதிரி’ என்று ஒரு லேபிள், கீழே ஒரு எண். எது மாதிரி என்று கேட்பவர்களுக்கு மட்டும் வாயால் சொல்வேன். “இது ஒரிஜினலாக்கா?” என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். “ஒரிஜினலா இருந்தா நான் ஏம்மா செருப்புக் கடை பக்கத்துல உக்காந்திருக்கேன்?” என்பேன்.

எங்கள் கல்யாணமே ஒரு குறையில்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் டை கட்டிய ஒரு மனிதர் கடை வாசலில் வந்து நின்றார். வந்ததும் வராததுமாக, “இதெல்லாம் உங்களுக்கே நல்லாருக்கா?” என்றார். நான் ஒரு பாட்டிலைத் திறந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன். முகர்ந்தார். காகிதத்தில் தடவிக் காயவைத்து மறுபடி முகர்ந்தார். “மேல்வாசம் மட்டும்தான் இருக்கு. அடியில ஒண்ணுமே இல்ல. அரை மணி நேரத்துல செத்துடும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டேன். ஆனால் அவர் சொன்னது உண்மை. அடியில் கொஞ்சம் சந்தனம் சேர்த்தேன். மறுநாள் மறுபடி வந்தார். வேறு குறை சொன்னார். அதற்கு மறுநாளும் வந்தார்.

“குறை சொல்ல ஒருத்தன் தினமும் பஸ் ஏறி வர்றான்னா, அவன் குறை சொல்ல வரலடி” என்றாள் என் அம்மா. அவள் சொன்னது சரிதான்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் எங்கள் வேலைமுறை உருவானது. ஷோரூமில் காகிதப் பட்டையில் அடித்துத்தான் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவார்கள். இவர் மட்டும் புதிதாக ஏதாவது வந்தால் தன் சட்டையின் இடது கை ஓரத்தில் அடித்துக்கொள்வார். காகிதம் பொய் சொல்லும், துணிதான் கடைசிவரை நிற்கும் என்பது அவர் கட்சி. வாடிக்கையாளர்களும் அவர் கையைப் பிடித்து முகரப் பழகிவிட்டார்கள். சாயங்காலம் அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன் நான் அந்தக் கையைப் பிடித்து முகர்ந்துவிடுவேன். எதிர்வீட்டுப் பெண் இதைப் பார்த்துவிட்டு, “உங்களுக்குத்தான் எவ்வளவு ஆசைக்கா உங்க வீட்டுக்காரர் மேல!” என்று பெருமூச்சு விட்டாள். நான் அதை மறுக்கவில்லை. மறுப்பானேன்?

பிறகு அவர் நாற்காலியில் இரண்டு கைகளையும் நீட்டி உட்காருவார், இரத்தம் கொடுக்க வந்தவர் மாதிரி. இடது கை ஒரிஜினல். வலது கையில் நான் கலந்ததை அடிப்பேன். இங்கே ஒரு மூச்சு, அங்கே ஒரு மூச்சு. சமைத்துக்கொண்டே நடுநடுவில் வந்து முகர்வேன். அவரும் முகர்ந்து பார்த்து ஏதாவது ஒரு குறை சொல்வார். எல்லாம் முடிந்ததும் சட்டை நேராக நீல வாளிக்குள் போய்விடவேண்டும். அது அவர் போட்ட சட்டம். “உன் சரக்கு ஒரு சொட்டு கூட என் வேலைக்கு வரக்கூடாது. ரெண்டுக்கும் நடுவுல அந்த வாளி இருக்கணும்” என்பார். அந்தச் சட்டத்தை நான் மீறியதே இல்லை, ஒரு முறையைத் தவிர.

அப்போது ஷோரூமுக்குப் புதிதாக ஒரு சென்ட் வந்திருந்தது. பாட்டில் ஒரு கருப்புக் கல் மாதிரி இருக்கும் என்பதால் நாங்கள் அதற்கு ‘கருப்புக் கல்’ என்றே பெயர் வைத்தோம். முதலில் எலுமிச்சைத் தோல், அப்புறம் மரம், கடைசியில் புகை. குளிர்ந்துபோன அடுப்பின் புகை. அந்தக் கடைசி இடம்தான் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் என்ன செய்தாலும் அடியில் ஒரு வெதுவெதுப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

“மத்ததெல்லாம் சரி. ஆனா உன்னுது முடியும்போது சிரிக்குது. அது சிரிக்காது” என்றார் அவர்.

“சிரிச்சா என்னவாம்?”

“அது சிரிக்காது. அவ்வளவுதான்.”

ஒரு நாள் மழையில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தார். சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் ஓடியது. இடது கையில் ஒரு வாசனையும் இல்லை. எனக்கோ அன்றைக்குக் கலந்ததைப் பார்த்தே ஆகவேண்டும். கதவு ஆணியில் மறுநாளுக்குத் தேய்த்து மாட்டியிருந்த சட்டை கண்ணில் பட்டது. அதன் வலது பக்கம் கதவோடு ஒட்டியிருந்தது, இடது கைதான் வெளியே தெரிந்தது. சரி, காலையில் வாளியில் போட்டுவிடலாம் என்று அதன் மேலேயே அடித்தேன்.

காலையில் சந்தைக்குச் சரக்கு லாரி வரும் நேரத்துக்குக் கடையைத் திறக்கவேண்டியிருந்ததால் ஓடிவிட்டேன். சட்டை அடியோடு மறந்துபோயிற்று. அவரிடம் இருப்பதெல்லாம் ஒரே வெளிர்நீலச் சட்டைகள். ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

அவர் மூக்குக்கு அது தெரியாமலா போகும் என்று கேட்பீர்கள். தெரியவில்லை. மழையில் நனைந்ததில் மூக்கு கல்லாக அடைத்திருந்தது. அதை யாரிடமும், என்னிடம்கூட, அவர் சொல்லவில்லை. மூக்கை வைத்துப் பிழைப்பவருக்கு மூக்கு அடைத்திருக்கிறது என்று சொல்வது மானப் பிரச்சினையாம்!

அன்று ஷோரூம் திறந்ததுமே பல் டாக்டர் அம்மா வந்துவிட்டார். அவர் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர். வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த குரல், கடைசி மாடி வரை கேட்கும். கருப்புக் கல்லைக் காட்டச் சொன்னார். அதன் டெஸ்டர் பாட்டில் முதல் நாளே தீர்ந்துபோயிருந்தது. “இருங்க டாக்டர், ஸ்டோர் ரூம்ல இருந்து வரவழைக்கிறேன்” என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த அம்மா வழக்கம் போல இவர் இடது கையைப் பிடித்து இழுத்து முகர்ந்துவிட்டார்.

“அதான் கையிலயே இருக்கே! ஐயோ, என்ன வாசனை! பெரிய பாட்டிலாவே குடுங்க.”

போன வாரம் அடித்தது துவைத்தும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இவரும் பில் போட்டுவிட்டார்.

சாயங்காலம் வாசலில் நான் அந்தக் கையை முகர்ந்தேன். ஓடிப்போய் என் பாட்டிலை எடுத்து வந்து முகர்ந்தேன். மறுபடி கை, மறுபடி பாட்டில். இம்மியும் வித்தியாசம் இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. “பிடிச்சுட்டேங்க! கருப்புக் கல்லைப் பிடிச்சுட்டேன்!” என்று சமையலறைக்கும் வாசலுக்குமாகக் குதித்தேன். அவர் கையையும் பாட்டிலையும் மாறி மாறி முகர்ந்தார். கண் கலங்கியது.

“குறை ஒண்ணும் இல்ல” என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அவர் கண் கலங்கியது சந்தோஷத்தில் என்று நான் நினைத்தேன். அது சளி.

அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. புது லேபிள் ஒட்டிக் கருப்புக் கல் மாதிரியைக் கடையின் முன்வரிசையில் வைத்தேன். பூட்டு ரிப்பேர் கடைக்காரருக்குக்கூட இலவசமாக ஒரு சொட்டு தடவிவிட்டேன்.

பிறகு ஒரு மாலை அவர் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கையை முகரப் போனவளை நிறுத்தி, “இரு” என்றார்.

பல் டாக்டர் அம்மா பாட்டிலோடு திரும்பி வந்திருக்கிறார். “டூப்ளிகேட்டை வித்திருக்கீங்க! கையில முகர்ந்தது வேற, இது வேற. இது முடியும்போது சாம்பல் மாதிரி இருக்கு” என்று கடையே அதிரக் கத்தியிருக்கிறார். மேனேஜர் வேறு பாட்டில்களைத் திறந்து காட்ட, “எல்லாமே டூப்ளிகேட்!” என்றாராம். மேனேஜர் ஸ்டோர் ரூமுக்கு ஓடியிருக்கிறார். அங்கே கருப்புக் கல் வந்த ஒரு பெட்டியின் சீல் கிழிந்திருந்தது. மழையில் கூரை ஒழுகியபோது நகர்த்தியதில் கிழிந்ததாம். ஆனால் யார் அதைக் கேட்கிறார்கள்? சாவி ஸ்டோர் ரூம் அக்காவிடம்தான் இருக்கும். பாட்டிலை மாற்றிவிட்டாள் என்று பழி அந்த அக்கா மேல் விழுந்துவிட்டது. சென்ட் கம்பெனிக்காரர் நாளைக்கு வந்து பார்த்துச் சொல்லும்வரை வேலைக்கு வரவேண்டாம், அதற்குப் பிறகு போலீஸா இல்லையா என்று முடிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள்.

“சாவியை மேஜை மேல வச்சுட்டுப் போனாங்க. என்னாலதான் அதைப் பாக்க முடியல” என்றார்.

“பாட்டில் நிஜமாவே டூப்ளிகேட்டா?”

“இல்ல. நானே முகர்ந்தேன். சுத்தமான ஒரிஜினல். அந்தம்மா எதைச் சொல்றாங்கன்னே எனக்குப் புரியல.”

அவரைச் சமாதானப்படுத்த நினைத்து என் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். “இது மாதிரிதானே இருக்கும்? நீங்களே சொன்னீங்களே.” முகர்ந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது அது இல்லையே! இது இன்னும் சிரிக்குதே!”

“என்னது? அன்னைக்குக் குறையே இல்லன்னீங்க?”

“அன்னைக்கு எனக்கு மூக்கே இல்ல.”

“அடப்பாவி மனுஷா!” என்று ஆரம்பித்த நான் பாதியிலேயே நின்றுவிட்டேன். கதவு ஆணியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். மழை நாளில் அதில் மாட்டியிருந்த சட்டையில் அடித்ததைச் சொன்னேன். நான் பிடித்தது கருப்புக் கல்லை இல்லை, என் சரக்கை என் சரக்கோடே ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வீடு முழுக்கக் குதித்திருக்கிறேன். பல் டாக்டர் அம்மா முகர்ந்து ஆசைப்பட்டதும் அதைத்தான்.

“நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன்” என்றார்.

“சொன்னா உங்களை வச்சிருப்பாங்களா? பொண்டாட்டி கடைச் சரக்கைக் கையில தடவிக்கிட்டு ஷோரூம்ல நின்னாருன்னு துரத்தி விட்டுடுவாங்க.”

“துரத்தட்டும். அந்த அக்கா திருடின்னு பேர் வாங்கணுமா?”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. அந்த அக்காவை நான் ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் தன் டப்பாவை நீட்டினார். “நானும் வர்றேன். அடிச்சது நான்தானே” என்றேன்.

மறுநாள் கடையைத் திறக்காமல் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு அவரோடு போனேன். மேனேஜர், கம்பெனிக்காரர், பல் டாக்டர் அம்மா, சுவரோரமாக ஸ்டோர் ரூம் அக்கா எல்லாரும் இருந்தார்கள். இவர் ஒன்றுவிடாமல் சொன்னார். மழை, ஆணி, மூக்கு, எல்லாம். அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒருத்தரும் நம்பவில்லை!

மேனேஜர் சிரித்தார். “ஸ்டோர் ரூம் அம்மாவைக் காப்பாத்தக் கதை கட்டறீங்க. சந்தைக் கடை சென்ட்டையும் இதையும் நம்ம டாக்டர் போட்டுக் குழப்பிக்குவாங்களா?”

“நான் ஏன் குழப்பிக்கணும்?” என்றார் பல் டாக்டர் அம்மா.

மேனேஜர் ‘சந்தைக் கடை’ என்றதற்கு என் நாக்கில் நல்ல பதில் ஒன்று வந்து நின்றது. ஸ்டோர் ரூம் அக்கா முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தேன். “அடிச்சுப் பாத்துடுங்க” என்றேன்.

கம்பெனிக்காரர் இவரை ஒரு தட்டிக்குப் பின்னால் அழைத்துப்போய் ஒரு கையில் ஷோரூம் சரக்கு, மறு கையில் என்னுடையது என்று அடித்துவிட்டு வந்தார். எந்தக் கையில் எது என்று அவருக்கும் இவருக்கும்தான் தெரியும். இவர் போலீஸில் பிடிபட்டவர் போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். பல் டாக்டர் அம்மா முகர்ந்தார். புருவம் சுருங்கியது.

“ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.”

“பாத்தீங்களா? அப்ப வித்தியாசம் சட்டையில இல்ல, அன்னைக்கு வித்த பாட்டில்லதான்” என்றார் மேனேஜர்.

என் வாழ்நாள் முழுக்க நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது. ஒரிஜினலும் என்னுடையதும் ஒன்று என்று ஒரு பெரிய மனுஷி பெரிய கடைக்குள் நின்று சொல்கிறார். ஆனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வித்தியாசம் தெரியாவிட்டால் ஸ்டோர் ரூம் அக்காவுக்கு வழியே இல்லை. கடவுளே, என் சென்ட் ஒரிஜினல் மாதிரி இல்லாமல் போகட்டும் என்று முதல் முறையாக வேண்டிக்கொண்டேன்.

“இப்பத் தெரியாது சார். காயணும்” என்றார் இவர். “அடிவாசம் வர மத்தியானம் ஆகும்.”

கம்பெனிக்காரர் தலையாட்டினார். காத்திருந்தோம். கையில் டீ சிந்திவிடக்கூடாது என்பதற்காக நான்தான் அவருக்கு டீயைப் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன். பல் டாக்டர் அம்மா நடுவில் போய் யாருக்கோ பல் பிடுங்கிவிட்டு வந்தார். ஸ்டோர் ரூம் அக்கா உட்காரவே இல்லை. “உக்காருங்கக்கா” என்றால், “பழக்கமில்லம்மா” என்றார்.

மத்தியானம் பல் டாக்டர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு வலது கையை முகர்ந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. இடது கைக்கு வந்தார். வந்தவர் விடவில்லை.

“இது! இதுதான் நான் கேட்டது! முதல்ல இருந்தே இதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்!”

கம்பெனிக்காரர் வந்து அந்தக் கையை முகர்ந்தார். “இது எங்களுது இல்ல” என்றார். “அடியில வெதுவெதுன்னு இருக்கு. எங்களுது வலது கையில. கடையில இருக்கறது எல்லாமே சரியான சரக்குதான்.”

மேனேஜர் சாவியை எடுத்து ஸ்டோர் ரூம் அக்காவிடம் நீட்டினார். மன்னிப்பு என்கிற வார்த்தை அவர் வாயில் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை. அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, “கூரையைச் சரி பண்ணிடுங்க சார், மறுபடி ஒழுகும்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அப்புறம் இவர் பக்கம் திரும்பினார் மேனேஜர். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போச்சு, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மேனேஜர் இவரை மேலும் கீழும் பார்த்தார். பல் டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா அதற்குள் என் பாட்டிலைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, “உங்க கடை எங்கம்மா?” என்று கடைசி மாடிக்குக் கேட்கும் குரலில் என்னை விசாரித்துக்கொண்டிருந்தார்.

“நாளையிலிருந்து சென்ட் பிரிவுல எல்லாரும் அரைக்கைச் சட்டை” என்றார் மேனேஜர். “காகிதப் பட்டை மட்டும்தான். கையில எவனாவது அடிச்சான்னு தெரிஞ்சா நானே அனுப்பிடுவேன். போய் வேலையைப் பாருங்க.”

வேலை தப்பியது. ஆனால் என் தொழிலுக்கு அடிமடியிலேயே கை வைத்துவிட்டார்கள். மறுநாள் சாயங்காலம் அவர் அரைக்கைச் சட்டையில் வந்து நின்றார். பழக்க தோஷத்தில் கையைப் பிடித்தேன். சோப்பும் பஸ் கம்பியும்தான் மணத்தது. “இப்ப நான் எதைப் பாத்துக் கலக்கறது?” என்று அவரிடம் பாய்ந்தேன். அசடு வழிய நின்றார்.

எப்படியாவது கருப்புக் கல்லையாவது சரியாகப் பிடித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். அடியில் இருக்கும் அந்த வெதுவெதுப்பை எடுத்துவிடவேண்டும். நான் பழைய கலவையைக் கீழே ஊற்றப்போனபோது அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“அதை எடுக்காத.”

“குறைன்னு சொன்னது யாரு?”

“நான்தான். இருந்தாலும் எடுக்காத.”

இதற்கு மேல் அவரிடம் விளக்கம் எதிர்பார்க்கக்கூடாது. கலவையை மூடி அலமாரியில் வைத்தேன்.

அந்த வார விடுமுறை நாளில் அவரும் என்னோடு கடையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஸ்டோர் ரூம் அக்கா வந்தார். இத்தனை வருஷமாகப் பெட்டி பெட்டியாகச் சென்ட்டைத் தூக்கியவர், ஒரு சொட்டுகூடப் போட்டுக்கொண்டதில்லையாம். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. லேபிள் ஒட்டாத ஒரு பாட்டிலை எடுத்து அவர் மணிக்கட்டில் தடவினேன். முகர்ந்தார். கையை இறக்கவில்லை.

“நல்லாருக்கே. இது எது மாதிரிம்மா?”

நான் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் லேபிள் கட்டைத் தன் பக்கம் இழுத்து மூடிவைத்தார்.

“எது மாதிரியும் இல்லக்கா. இது இவளோடது” என்றார். அப்புறம், அவரால் முடியுமா என்ன, “முடியும்போது கொஞ்சம் சிரிக்கும். பரவாயில்லையா?” என்றார்.

“சிரிக்கட்டுமே” என்றார் அக்கா, மணிக்கட்டை மூக்கிலிருந்து எடுக்காமலே.